ஏர் பிடித்து ஊழியத்துக்குப் போக: எந்த வழியில் தயாராவது?

விவசாயத்தின் வழியாகக் கிறிஸ்தவ ஊழியம் செய்யும் விவசாய மிஷனரியாகப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவருக்கு வேதம் தெரியும், மண் தெரியாது. இன்னொருவருக்கு மண் தெரியும், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. மூன்றாவது வகையும் உண்டு. இரண்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். முதல் மழைக்காலமே அவர்களுக்குப் பாடம் எடுத்துவிடும்.

கையில் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது, சபை தாங்கத் தயாராக இருக்கிறது, வீட்டிலும் சம்மதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடங்களை எதில் செலவிடுவது? நான்கு வழிகள் கண் முன் நிற்கின்றன. வேளாண் பட்டப்படிப்பு, மிஷன் பயிற்சிப் பண்ணை, சொந்தமாகவோ ஒரு விவசாயியிடமோ நேரடியாக வயலில் உழைப்பது, சில வாரக் குறுகிய பயிற்சி. இறையியல் கல்லூரியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றுதான். அந்த வழியில் போனால், மற்றவருக்குக் கற்றுக்கொடுக்க நிற்பதற்கு முன் எத்தனை முழுப் பருவங்களை நீங்கள் சொந்தக் கையால் கடந்திருப்பீர்கள்? முழுப் பருவம் என்றால் விதை தேடுவதிலிருந்து விளைந்ததை விற்பது அல்லது பத்திரப்படுத்துவது வரை. நடுவில் வரும் பூச்சியும், பொய்த்த மழையும், கவிழ்ந்த விலையும் சேர்த்து. நட்டமில்லாத பருவத்தைப் பாதிப் பருவமாகத்தான் கணக்கில் எடுப்பேன்.

பட்டப்படிப்பு

பட்டப்படிப்பைப் பற்றிப் பேசும்போது சாம் ஹிக்கின்பாட்டமின் கதையைத் தவிர்க்க முடியாது. மான்செஸ்டரில் பிறந்து அமெரிக்காவில் படித்த இவர் 1903-இல் இந்தியாவுக்கு வந்தபோது விவசாயம் அவருடைய வேலையே அல்ல. அலகாபாத் மிஷன் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கச் சொன்னார்கள். மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப் போனபோது, பாடப்புத்தகத்தில் இருந்த வறுமைக்கும் வயலில் கண்ட வறுமைக்கும் இடையே இருந்த தூரம் அவருக்குப் புரிந்தது. 1909-இல் மறுபடி கடல் கடந்து, முப்பத்தைந்து வயதில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை மாணவராக உட்கார்ந்தார். திரும்பி வந்து யமுனைக் கரையில் நைனியில், அரித்துக் கிழிந்து கிடந்த நிலத்தில் வேலையைத் தொடங்கினார். 1910-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் அந்த வேளாண் நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகம்.

இந்தக் கதையைக் காட்டி "பார்த்தீர்களா, பட்டம் தேவை" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வரிசை. ஆறு வருடம் களத்தில் இருந்து, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தெரிந்த பிறகு அவர் கல்லூரிக்குப் போனார். பதினெட்டு வயதில் கேள்வியே இல்லாமல் போகிறவருக்கு அதே நான்கு வருடம் வேறு மாதிரிதான் கழியும். மண் வேதியியல், பயிர் நோயியல், பூச்சியியல் எல்லாம் தேர்வுக்காகப் படித்து மறந்துபோகும். பல பாடத்திட்டங்கள் டிராக்டரும் பாசன வசதியும் வங்கிக் கடனும் உள்ள பண்ணையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. மண்வெட்டி ஒன்றே சொத்தாக இருக்கும் குடும்பத்திடம் போய் நிற்கும்போது, ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்ற கணக்கை வைத்து என்ன செய்வது?

ஆனாலும் பட்டத்தை எளிதில் ஒதுக்க மாட்டேன். இரண்டு காரணங்கள். முதலாவது, காரணம் தெரிந்தவர்தான் தவறை அடையாளம் காண்பார். இலை மஞ்சளாவதைப் பார்த்ததும் உரம் போடச் சொல்வது யாராலும் முடியும். கீழ் இலைகள் மஞ்சளாகின்றனவா, மேல் இலைகளா, நரம்புக்கு இடையில் மட்டுமா என்று பார்த்து, தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கியதா என்று பிரித்துச் சொல்ல அடிப்படை அறிவியல் வேண்டும். இரண்டாவது காரணம் அலுவலகம் சார்ந்தது. மிஷனரி என்று விசா தராத நாடுகள் பல உண்டு. வேளாண் வல்லுநருக்கு அங்கே கதவு திறக்கும். விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் அரசு விரிவாக்கத் துறையோடு உட்கார்ந்து பேசவும் ஒரு சான்றிதழ் கேட்பார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தை முகமூடியாக மட்டும் பயன்படுத்தி உள்ளே போகும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. விவசாயி என்று சொல்லிக்கொண்டு போனால் விவசாயம் நடக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் பண்ணையை அக்கம்பக்கத்தார் ஒரே பருவத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் வேறு எதையும் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? பவுல் கூடாரத் தொழில் செய்தார் என்று மேற்கோள் காட்டுகிறவர்கள், அவர் தைத்த கூடாரங்கள் மழையில் ஒழுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கலாம்.

படிக்கத்தான் போகிறேன் என்றால், கால்நடை மருத்துவத்தையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். புது விதையை நம்பத் தயங்கும் குடும்பம்கூட, கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு உதவ வந்தவரை வாசலிலேயே நிறுத்தாது.

பயிற்சிப் பண்ணை

ஊழியத்துக்கு என்றே நடத்தப்படும் பண்ணைகள் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. இரண்டை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான மனதோடு இயங்குவதால் ஒப்பிட வசதி.

ஃபுளோரிடாவில் நார்த் ஃபோர்ட் மையர்ஸில் உள்ள எக்கோ (ECHO), பசியோடு போராடும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பின்பலமாக நிற்கும் கிறிஸ்தவ அமைப்பு. மார்ட்டின் பிரைஸ் 1981-இல் பொறுப்பேற்ற பிறகு அது இன்றைய உருவத்துக்கு வளர்ந்தது. பண்ணையைப் பல துண்டுகளாகப் பிரித்து, மலைச்சரிவு, வறண்ட பூமி, பருவமழை நிலம், ஈரத் தாழ்நிலம், மொட்டைமாடித் தோட்டம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சூழலை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர் ஒரு துண்டைத் தன் பொறுப்பில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். அதிகம் அறியப்படாத வெப்பமண்டலப் பயிர்களின் விதைகளைச் சேமித்து, களத்தில் இருப்பவர்களுக்குச் சோதனைப் பொட்டலங்களாக அனுப்பும் விதை வங்கியும் அங்கே உண்டு. பயிற்சி முடிந்து நீங்கள் எங்கேயோ ஒரு மலையில் இருக்கும்போது கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது என்பது, அந்த வருடத்தில் கற்ற எந்தப் பாடத்தையும்விடப் பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் உள்ள ஆசிய கிராமப்புற நிறுவனம் வேறு ரகம். தொஷிஹிரோ தகாமி 1973-இல் தொடங்கியது. ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளில் ஏற்கெனவே தம் மக்களோடு வேலை செய்துகொண்டிருக்கும் அடித்தட்டுத் தலைவர்களை ஒன்பது மாதம் அழைத்து, ஒரே சமூகமாக வாழவைத்துப் பயிற்சி தருகிறார்கள். உண்பதைத் தாங்களே விளைவிக்க வேண்டும். பன்றி, கோழி, நெல், காய்கறி எல்லாம் ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாக இயங்கும் முறை. பல மொழி, பல மதம், பல சபைப் பின்னணி. அதிகாலையில் சாணம் அள்ளும்போது ஆயரும் தொண்டு நிறுவனப் பணியாளரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தலைமை என்பது பணிவிடை என்று வகுப்பில் கேட்பதற்கும், பதவி உள்ளவர் கையில் சாணக்கூடையைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

எக்கோவின் பலம் பயிர்களும் நுட்பங்களும். மற்றதன் பலம் மனிதர்கள். முதன்முறையாக வெளியே போகத் தயாராகும் இளைஞருக்கு முதலாவது பொருந்தும். ஏற்கெனவே களத்தில் நின்று, தான் செய்வது சரியா என்ற சந்தேகத்தில் இருப்பவருக்கு இரண்டாவது. தோச்சிகியின் குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு, இது வெப்ப நாட்டுக்கு உதவாது என்று சிலர் சொல்லக்கூடும். பயிர் பட்டியலை மட்டும் எடுத்துப் போக வந்தவருக்கு அது சரிதான்.

பயிற்சிப் பண்ணையின் குறை ஒன்று எல்லா இடத்திலும் பொது. அங்கே பயிர் செத்தாலும் சாப்பாட்டு மணி அடிக்கும். உங்கள் நட்டத்தை நிறுவனம் தாங்கிக்கொள்ளும். எனவே விளைச்சலில் உங்கள் துணிச்சல் ஒரு விவசாயக் குடும்பத்தின் துணிச்சலைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். "புதிய ரகத்தை ஒரு முறை முயன்று பாருங்களேன்" என்று லேசாகச் சொல்லிவிடுவீர்கள். அந்த ஒரு முறை தவறினால் அந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் என்பது உங்கள் எலும்புக்குத் தெரிந்திருக்காது.

வயலிலேயே கற்பது

அது எலும்புக்குத் தெரியவேண்டுமானால் வயலுக்குத்தான் போக வேண்டும். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதன் வருமானத்தில் மட்டும் வாழ்ந்து பார்ப்பது, அல்லது அனுபவமுள்ள விவசாயி ஒருவரிடம் இரண்டு வருடம் கூலியாளாகவே நிற்பது. சான்றிதழ் கிடையாது, அறிமுக அட்டையில் போட ஒன்றும் இருக்காது, தாங்கும் சபைக்கு விளக்குவதும் கடினம். "ஊழியத்துக்குத் தயாராகிறேன் என்று சொல்லிவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறானே" என்ற பேச்சு வரும்.

நான்கில் எனக்கு அதிக மதிப்பு உள்ள வழி இதுதான். அதன் ஆபத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரே மண்ணில் கற்றவர் அந்த மண்ணையே உலகம் என்று நம்பிவிடுவார். நீண்ட பகல் உள்ள குளிர்நாட்டு வெங்காய ரகத்தைப் பூமத்தியரேகை அருகே கொண்டுபோய் நட்டால் தாள் தழைக்கும், கிழங்கு திரளாது. பகல் நீளம் போதாது என்பதுதான் காரணம். பத்து வருடம் வெங்காயம் போட்டவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், அவர் ஊரில் அந்தக் கேள்வி எழுந்தே இராததால். அதேபோல, மரம் நடுவது எங்கும் நல்ல காரியம் என்று நினைத்துப் போவோம். நிலத்தில் மரம் நடுவது அதற்கு உரிமை கோருவதற்குச் சமம் என்று கருதும் சமூகங்கள் பல உண்டு. குத்தகைதாரர் தங்களிடம் வந்து மரக்கன்று வாங்கத் தயங்குவது ஏன் என்று தெரியாமல், சோம்பேறிகள் என்று குறிப்பு எழுதி அனுப்பிய நல்ல மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

வயலில் கற்பது ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஹெரால்ட் வாட்சன் நல்ல சாட்சி. மிசிசிப்பியிலிருந்து 1965-இல் பிலிப்பைன்ஸ் போன பாப்டிஸ்ட் மிஷனரி. மிண்டனாவோ தீவில் 1971-இல் கிராம வாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். காடு அழிந்த மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் இறங்கிக்கொண்டிருந்தது. வாட்சனும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து பல வருடம் சோதித்து உருவாக்கிய முறையில், சரிவின் குறுக்கே சம உயரக் கோடுகளில் நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாகத் தழைச்சத்தை நிலைப்படுத்தும் செடிகளை அடர்த்தியாக இரட்டை வரிசையில் நட்டார்கள். இடையில் உணவுப் பயிர். வேலிச் செடியை அவ்வப்போது வெட்டித் தழையை வயலில் போட வேண்டும். வரிசைக்கு மேல் மண் தேங்கித் தேங்கி வருடப்போக்கில் தானாகவே படிக்கட்டு உருவாகும். கோடு போட வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. மூன்று கம்பை 'ஏ' வடிவில் கட்டி, நடுவே கல் தொங்கவிட்ட கயிறு போதும். 1985-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

விருதோடு கதையை நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அந்த வேலிகளில் பெரும்பகுதி சூபாபுல். எண்பதுகளின் நடுவில் அந்த மரத்தையே தாக்கும் ஒரு செடிப்பேன் பிலிப்பைன்ஸ் முழுவதும் பரவி வரிசைகளை மொட்டையடித்துவிட்டது. ஒரே இனத்தை நம்பியதன் விலை. மையம் வேறு செடிகளைத் தேடிச் சோதித்துக் கலந்து நடத் தொடங்கியது. முறையை மனப்பாடம் செய்தவராக இருந்தால் அன்றோடு ஊருக்குத் திரும்பியிருப்பார். சரிவும் மண்ணும் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தவர்களாக இருந்ததால் அவர்களால் செடியை மாற்றிக்கொண்டு முறையைக் காப்பாற்ற முடிந்தது. தயாரிப்பு என்று நான் சொல்வது இந்தத் திறமையைத்தான்.

குறுகிய பயிற்சி

சில நாள் அல்லது சில வாரப் பயிற்சிகளில் அதிகம் பரவியவை ஜிம்பாப்வேயின் பிரையன் ஓல்ட்ரீவிடமிருந்து கிளைத்தவை. புகையிலை விவசாயியாக இருந்து, மனசாட்சி உறுத்தி அதை விட்டவர். 1980-களில் உழாமல், எரிக்காமல், நிலத்தைக் காய்ந்த தழை, தட்டை போன்ற மூடாக்கால் மூடி, சிறு குழிகளில் விதைக்கும் முறையைக் கையில் எடுத்தார். நேரத்தோடு, தரத்தோடு, வீணாக்காமல், மகிழ்ச்சியோடு என்ற நான்கு வார்த்தைகளில் அதைச் சுருக்கிக் கற்பிக்கிறார்கள். காட்டின் தரையை யாரும் உழுவதில்லை, படைத்தவர் அதை இலையால் மூடி வைத்திருக்கிறார் என்ற எளிய கவனிப்பிலிருந்து பாடம் தொடங்கும். விசுவாசமும் மண்ணும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதால் சபைகளில் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

எளிமையே அதன் பலமும் பலவீனமும். வறட்சியில் மூடாக்கு ஈரத்தைக் காக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அறுவடைக்குப் பின் ஊர் மாடுகள் எல்லார் வயலிலும் மேயும் வழக்கம் உள்ள இடத்தில் மூடாக்கு ஒரே வாரத்தில் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். அங்கே நீங்கள் பேச வேண்டியது மாடு வைத்திருப்பவர்களிடம். கரிச்சத்து மிகுந்த உலர்ந்த தட்டையை மண்ணில் கலந்துவிட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குக் கிடைக்க வேண்டிய தழைச்சத்தைச் சில வாரங்களுக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும். உழவு நின்றால் முதல் வருடங்களில் களை கூடும், களை எடுப்பது பெரும்பாலும் பெண்களின் தலையில் விழும். ஒரு வாரப் பயிற்சியில் இவை வராமலில்லை, வந்தாலும் மனதில் தங்குவதில்லை. ஏற்கெனவே விவசாயியாக இருப்பவருக்கு இந்தப் பயிற்சி அருமையானது. விவசாயம் தெரியாதவருக்கு இது மட்டுமே தயாரிப்பு என்றால், அவர் கையில் ஒரே ஒரு சாவி இருக்கும், எல்லாப் பூட்டிலும் அதையே நுழைத்துப் பார்ப்பார்.

இறையியல் படிப்பு எங்கே?

அதை வேறு கணக்கில் வைத்தேன். அது விவசாயத் தயாரிப்புக்கு மாற்று அல்ல, விவசாயமும் அதற்கு மாற்று அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுநேரமாகச் செய்ய நினைப்பவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். புத்தகத்தை மாலையில் திறக்கலாம், விதைப்புப் பட்டத்தை மாலைக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கிளம்புவதற்கு முன்பே இறையியல் ரீதியாக முடித்துக்கொள்ள வேண்டும். விதையும் ஆடும் கொடுப்பது சுவிசேஷத்துக்குத் தூண்டிலா? தூண்டில் என்றால், உதவி பெற்றவர் ஆலயத்துக்கு வராத வாரம் உங்கள் முகம் மாறும், அதை அவர் பார்ப்பார். ஹிக்கின்பாட்டம் தொழுநோயாளர் இல்லத்துக்கும் நேரம் கொடுத்தவர், அங்கே விளைச்சல் கணக்கு எதுவும் செல்லாது. பசித்தவருக்கு உணவு கிடைப்பது தன்னளவிலேயே நல்ல காரியம் என்று உள்ளத்தில் தெளிந்தவர்தான் ஏழாவது, எட்டாவது வருடத்திலும் கசப்பில்லாமல் வயலுக்குப் போகிறார்.

யாருக்கு எது

ஒரு வருடமே கையில் இருந்தால், எக்கோ போன்ற பண்ணைக்கு விண்ணப்பியுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த வருடத்தைக் கூலியாளாகக் கழியுங்கள், இடையில் ஒரு குறுகிய பயிற்சி. மூன்று வருடம் இருந்தால் முதல் இரண்டு வயலில், மூன்றாவது பயிற்சிப் பண்ணையில். வரிசையை மாற்ற வேண்டாம். சொந்த நட்டத்தைச் சுமந்து வருகிறவர் கேட்கும் கேள்விகளே வேறு. பட்டம் வேண்டும் என்று மனது சொன்னால், களத்தில் நாலைந்து வருடம் இருந்துவிட்டுப் போங்கள். மூத்த மாணவராக வகுப்பில் உட்காருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேளாண் கல்லூரியில் கற்பிக்கவோ, விதை ஆராய்ச்சியிலோ, அரசுத் துறையோடு சேர்ந்தோ ஊழியம் செய்ய விரும்புகிறவருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர் முதலிலேயே படித்துவிடலாம்.

தம்பதியாகப் போகிறவர்கள் இருவரும் ஒரே பயிற்சி பெற வேண்டியதில்லை. ஒருவர் பயிரும் மற்றவர் கால்நடையும் ஊட்டச்சத்தும் என்று பிரித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு விரிவாக்க மையம் அமைந்துவிடும். பல சமூகங்களில் விதையைப் பாதுகாக்கும் பெண்களிடம் வெளியிலிருந்து வந்த ஆண் நெருங்கிப் பேச முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பரம்பரையாக விவசாயம் செய்கிறவர் அழைப்பு பெற்றால் அவருக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் அவசரமில்லை. அவருக்குத் தேவை மொழியும், கேட்கும் பொறுமையும், தன் ஊரில் தலைமுறையாகச் சரியாக இருந்தது வேறு மண்ணில் தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் மனமும். அது ஒருவேளை நான்கு வருடப் படிப்பைவிடக் கடினம்.

எந்த வழியில் போனாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் இரண்டு பருவம் எதையும் கற்பிக்காமல் இருக்க அனுப்பும் சபையிடம் எழுத்திலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதமே புகைப்படமும் எண்ணிக்கையும் கேட்டுக் கடிதம் வரும். ஒரு சிறு துண்டு நிலத்தில் அக்கம்பக்கத்தார் போடுவதையே, அவர்கள் போடும் விதத்திலேயே போடுங்கள். பக்கத்திலேயே இரண்டு பாத்தியில் மட்டும் உங்கள் சோதனை. முதல் பருவத்தில் உங்கள் வயலைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதானவர், வரப்பில் இறங்கி வந்து எங்கே தப்பு என்று காட்டுவார். மொழியையும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.